ஒரு பல் இறுக்கம்

வாங்க, உள்ள வந்து உக்காருங்க. மேல போய்ப் பாக்க முடியாது, சாவி என்கிட்ட இல்லை. அது அவகிட்ட இருக்கு. நாலு மணிக்குக் கொண்டு வந்து குடுக்கறேன்னிருக்கா. குடுத்துருவா. சொன்ன பேச்சு மாற மாட்டா, அதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்னும் எரியுது.

மேல ஒரு ரூமு, ஒரு சமையக்கட்டு, பாத்ரூம் உள்ளேயே இருக்குதுங்க. வாடகையெல்லாம் என்ற வீட்டுக்காரர்கிட்டப் பேசிக்கங்க. லோடு ஏத்திட்டு நாக்பூர் போயிருக்காரு, புதன்கிழமை வந்துருவாரு. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். நீங்க என்ன வேலைக்குப் போறீங்க?

பேங்க்குங்களா. பேங்க்குன்னாப் பரவாயில்லை. ஏதாவது கம்பெனியில குவாலிட்டி பாக்கறேன்னு சொல்லியிருந்தீங்கன்னா, இப்படியே வாசலைக் காட்டியிருப்பேன். கோவிச்சுக்காதீங்க அம்மிணி. பட்டவ சொல்றேன்.

இப்ப இருக்கறவ ஏன் காலி பண்றான்னு கேக்கறீங்களா? அவளா எங்க காலி பண்றா? நான் பண்ணச் சொன்னேன். ரெண்டு வருஷம் என்ற வீட்டு மாடியில இருந்துட்டு, என்ற கையால சாப்புட்டுட்டு, மேனேஜர் ரூமுல போய் என்னைக் கை காட்டுனா. எனக்கு எதிர்லயே நின்னு, "இவங்கதான் சார்"னு சொன்னா. நான் காலி பண்ணச் சொன்னது தப்புங்களா?

இருங்க, மொதல்ல இருந்து சொல்றேன். நாலு மணி ஆக இன்னும் நேரமிருக்கு.

எங்க கம்பெனி இங்கதான், ரோட்டைத் தாண்டிப் போனா தென்னந்தோப்புக்குப் பின்னாடி. வயர் செட் பண்றது. மோட்டாருக்கு, கிரைண்டருக்கு, இப்ப ஒரு வருஷமா எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு. நான் ஏழாவதோட நின்னவ. மில்லுல கொஞ்ச நாள், அப்பறம் இங்க வந்து பதினேழு வருஷம். நாலாம் நம்பர் மெஷின். அந்த மெஷினைக் கேட்டா எல்லாரும் என்ற பேரைத்தான் சொல்லுவாங்க. வசந்தாமணி மெஷினும்பாங்க.

வேலை என்னன்னா, வயரோட நுனியில ஒரு பித்தளைத் துண்டை வெச்சு அமுக்கணும். டெர்மினல்ம்போம். எந்த மிக்ஸியைப் பிரிச்சாலும் உள்ள நாலஞ்சு இருக்கும், நீங்க பாத்திருப்பீங்க. அதுக்கு ரெண்டு பிடி. முன்பிடி உள்ள இருக்கற செம்புக் கம்பியைப் பிடிச்சுக்கும். கரண்டு அது வழியாத்தான் போகும். பின்பிடி வயரோட தோலைப் பிடிச்சுக்கும். கரண்டுக்கும் பின்பிடிக்கும் சம்பந்தமே இல்லை. யாராவது வயரை இழுத்தா, அந்த இழுப்பு செம்புக்குப் போகாம, தோலோட நின்னுரணும். அதுக்குத்தான் அது. மிதியில காலை வெச்சு அமுக்கினா டக்குனு ஒரு அடி. ஒரே அடியில ரெண்டு பிடியும் உக்காந்துக்கும். ஒரு ஷிப்டுக்கு ஆறாயிரம் அடி. பதினேழு வருஷத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க, பேங்க்குக்காரங்கதானே.

பின்பிடிக்குன்னு மெஷின்ல தனியா ஒரு சின்னச் சக்கரம் இருக்கு. பல்லுப் பல்லா இருக்கும். ஒரு பல் இந்தப் பக்கம் திருகினா பிடி இறுகும், அந்தப் பக்கம் திருகினாத் தளரும். அதைச் செட்டர் மட்டும்தான் தொடணும்னு ரூல்ஸ். காலையில ஆறு மணிக்கு வருவாரு, சக்கரத்தை வெப்பாரு, மொதப் பீஸை அடிச்சுப் பாப்பாரு, அட்டையில கையெழுத்துப் போடுவாரு, அடுத்த மெஷினுக்குப் போயிருவாரு. மெஷின்ல உக்காந்து அடிக்கறவளுக்கு சக்கரத்தைத் தொட உரிமையில்லை. பீஸ் கெட்டுப் போனா மட்டும் அடிச்சவ பேரு.

ஏன் சொல்றேன்னா, கேளுங்க.

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு செட்டர் இருந்தான், பிரபாகரன்னு. காதுல எந்நேரமும் போன். ஒரு நாள் பின்பிடியைத் தளர வெச்சுட்டுப் போயிட்டான். எனக்குத் தெரியலை. ஒரு ஷிப்டு பூராவும் அடிச்சுட்டேன். கிரைண்டர்காரன் வயரை இழுத்திருக்கான், வயர் கையோட வந்திருச்சு. பெட்டி பெட்டியாத் திருப்பி அனுப்பிட்டான். அன்னைக்கு எங்க கேன்டீன் வாசல்ல ஒரு சிவப்புப் பலகை மாட்டியிருந்தாங்க. இன்னைக்கும் இருக்கு. கெட்டுப் போன பீஸை அதுல நூல் கட்டித் தொங்க விடுவாங்க. பக்கத்துல அடிச்சவ போட்டோ. என்ற அடையாள அட்டையில இருந்த போட்டோவைப் பெருசு பண்ணி ஒட்டிட்டாங்க. ஒரு மாசம். டீ குடிக்கப் போறவ, சோத்துக்குப் போறவ, கை கழுவப் போறவ, நூத்தி இருவது பேரும் தினம் மூணு வாட்டி என்ற மூஞ்சியைப் பாத்துட்டுப் போனாங்க. புதுசா வந்த ஒரு புள்ளை என்கிட்டயே கேட்டா, "ஏனுங்க்கா, இது உங்க தங்கச்சியா"ன்னு. அந்தப் போட்டோவுல நான் கொஞ்சம் ஒல்லியா இருப்பேன்.

பிரபாகரன் வாயைத் தொறக்கலை. நான் தளர வெச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லலை. அடுத்த மாசம் வேற கம்பெனிக்குப் போயிட்டான்.

அந்தப் பலகையில இருந்து போட்டோவைக் கிழிச்ச மறுநாள்ல இருந்து, செட்டர் கையெழுத்துப் போட்டுட்டு அக்கட்டால போனதும், நான் ஒரு பல் திருகிக்குவேன். ஒரே ஒரு பல். இறுக்கத்தான், தளர இல்லை. ஷிப்டு முடியறப்ப பழையபடி திருப்பி வெச்சுருவேன். அடுத்த ஷிப்டுக்காரி பொருளை நாம கெடுக்கக் கூடாதில்ல.

அப்படிப் பாக்காதீங்க. நாலு வருஷம், ஒரு பீஸ் திரும்பி வரலை. ஒரு கட்டுக்கு ஒண்ணு எடுத்து என்ற கையாலயே இழுத்துப் பாப்பேன். இந்தக் கை பாருங்க, விரலெல்லாம் காப்புக் காய்ச்சு. இந்தக் கை இழுத்து வராதது எவன் இழுத்தாலும் வராது. ரெண்டு வருஷம் தொடர்ந்து எனக்குத்தான் நல்ல ஊழியர் சில்வர் குடம். அதோ ஷோகேஸ்ல இருக்கு. திருகாம இருந்தா வந்திருக்குமா அது?

இப்ப இந்தப் புள்ளைக்கு வர்றேன். மோனிஷான்னு பேரு. அந்தியூர் பக்கம். டிப்ளமா படிச்சுட்டு குவாலிட்டியில சேந்தா. தங்க இடமில்லைன்னா. நான்தான் மாடியைக் குடுத்தேன். காச்சல்ல கெடந்தப்ப ரசம் வெச்சுக் குடுத்தது யாரு? அவ அம்மா போன் பண்ணினா மொதல்ல என்கிட்டத்தான் பேசும். "வசந்தாமணி, நீ இருக்கறேன்னுதான் நான் தூங்கறேன்"னு சொல்லும். இவளும் "வசந்தாக்கா, வசந்தாக்கா"ன்னு படி எறங்கறப்பவே கூப்புட்டுட்டுத்தான் எறங்குவா. நல்ல புள்ளைன்னுதான் நெனச்சேன். இன்னைக்கும் கெட்ட புள்ளைன்னு சொல்லலை. கல்லு மனசுன்னுதான் சொல்றேன்.

போன மாசம் ஸ்கூட்டர் கம்பெனியில இருந்து ஒரு புகார் வந்துச்சு. ஓட்டிட்டுப் போறப்பவே ஹெட்லைட் அணைஞ்சு போகுதாம். ஒரு வண்டி ரெண்டு வண்டி இல்லை, இருவத்தி எட்டு வண்டி. எங்கயோ ஒருத்தரு பொழுது எறங்கற நேரத்துல வளைவுல போயிட்டிருந்தாராம், லைட்டு நின்னு போய் பள்ளத்துல எறங்கிட்டாராம். தோள்பட்டை எலும்பு முறிஞ்சு போச்சுன்னாங்க. எலும்புதானே, கூடிக்கும். அவரு வேகமாப் போனாரோ என்னமோ, யாருக்குத் தெரியும்? எல்லாத்துக்கும் வயர்தான் காரணமா?

பெட்டியில சீட்டு இருக்கும், எந்த மெஷின், எந்த ஷிப்டுன்னு. பாத்தாங்க. நாலாம் நம்பர், மொத ஷிப்டு.

மோனிஷா என்ற மெஷினுக்கு வந்தா. கூட மேனேஜர், அவருக்குப் பின்னாடி நாலு பேர். லைனை நிறுத்திட்டாங்க. லைன் நின்னா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க, சத்தம் நின்னு போகுமில்ல. நான் அடிச்சு வெச்சிருந்த கட்டுல இருந்து ஒண்ணை எடுத்தா. நான், "இழுத்துப் பாரு கண்ணு, நல்லா இழு"ன்னேன். அவ இழுக்கலை. டெர்மினலை ஒரு கையில பிடிச்சுட்டு, வயரை இப்படி இந்தப் பக்கம் வளைச்சா, அந்தப் பக்கம் வளைச்சா. வாய்விட்டு எண்ணுனா. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏழாவதுக்கு வயர் ஒடிஞ்சு அவ கையில தொங்குச்சு.

அஞ்சாம் நம்பர் மெஷின்ல அடிச்சதுல ஒண்ணை எடுத்தா. அது ராஜாமணி மெஷின். ராஜாமணிக்குக் கண்ணுகூடச் சரியாத் தெரியாது. அதை முப்பது வாட்டி வளைச்சா. ஒண்ணும் ஆகலை. ராஜாமணி மூஞ்சியைப் பாக்கணுமே, தீபாவளி கொண்டாடுனா.

நான் கேட்டேன், "வயரை எதுக்கு வளைக்கற? நாலு வருஷமா இழுத்துத்தானே பாக்கறோம்."

"அக்கா, இது ஹேண்டில்பார்ல போற வயரு. திருப்பற ஒவ்வொரு வாட்டியும் வளையும்."

"அதுக்கு?"

"பின்பிடி தோலைப் பிடிக்கத்தான்கா செய்யணும், கடிக்கக் கூடாது. இது கடிச்சிருக்கு. தோல் வெட்டுப்பட்டு, உள்ள இருக்கற கம்பியிலயும் காயம் பட்டிருக்கு. இழுத்தா நிக்கும். வளைச்சா அந்த எடத்துலயே ஒடியும்."

ஏழாவது படிச்சவகிட்ட டிப்ளமா படிச்சவ பேசற பேச்சு. கிரைண்டர் வயருக்குத் தடிமனான தோலு. ஸ்கூட்டர் வயருக்கு வெங்காயச் சருகாட்டத் தோலு. தோலை மெலிசாக்குனவனைக் கேக்க ஆளில்லை. ஒரு பல் திருகுனவதான் கண்ணுல படறா. அதுவும் எதுக்குத் திருகுனேன்? கம்பெனி பேரு கெடக் கூடாதுன்னுதானே.

என்ன கேட்டீங்க? அன்னைக்கே சொல்லியிருக்கலாமேன்னா? எப்படிச் சொல்றது? லைனே நின்னு பாக்குது. ராஜாமணி பாக்கறா. சொன்னா அடுத்த நாள் மறுபடியும் அந்தச் சிவப்புப் பலகை. இப்ப என்ற மருமக வேற அதே கம்பெனியில பேக்கிங்குல இருக்கா. அவ தினம் மூணு வாட்டி என்ற போட்டோவைப் பாத்துட்டு டீ குடிக்கப் போவாளா? நீங்க பேங்க்குல உக்காந்துட்டு ஈசியாச் சொல்லுவீங்க.

மேனேஜர் யாரைக் கேட்டாரு? செட்டரைக் கேட்டாரு. சக்கரம் வெக்கறது அவரு, அட்டையில கையெழுத்து அவரோடது. அந்த அட்டையே என்ற போட்டோ தொங்குனதுக்கு அப்பறம் வந்ததுதான். வெள்ளியங்கிரி அண்ணன். வயசு அம்பத்தி ஆறு. ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம். அதிர்ந்து பேச மாட்டாரு. மெஷின்கிட்ட வந்தா, "ஏனம்மிணி, சௌக்கியமா"ன்னு மெஷினைக் கேக்கறாரா என்னைக் கேக்கறாரான்னு தெரியாது, அப்படிக் குனிஞ்சுட்டே கேப்பாரு. "நான் சரியாத்தான் சார் வெச்சேன்"னாரு. "அப்பறம் எப்படி இறுகுச்சு"ன்னாரு மேனேஜர். அண்ணன் சக்கரத்தைப் பாத்தாரு. அப்பறம் என்னைப் பாத்தாரு. நான் மிதியைப் பாத்துட்டிருந்தேன். அட்டையை எடுத்து மேனேஜர் கையில குடுத்துட்டாரு. அன்னைக்கே சஸ்பெண்ட். விசாரணை முடியற வரைக்கும் வர வேண்டாம்னுட்டாங்க.

எனக்கும் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. இல்லைங்கலை. ஆனா, பிரபாகரன் தப்புக்கு நான் ஒரு மாசம் பலகையில தொங்குனனே, அப்ப எந்தச் செட்டர் வந்து எனக்காகப் பேசினான்? வெள்ளியங்கிரி அப்ப இங்க செட்டரா இல்லை, ஸ்டோர்ல இருந்தாரு, அது வேற விஷயம். செட்டர்னா செட்டர்தானே. ஒரு வாட்டி அவங்களும் பட்டுப் பாக்கட்டும்.

இந்தப் புள்ளைக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னா, எப்பவோ ஒரு நாள் காலையில என்ற கை சக்கரத்து மேல இருந்ததைப் பாத்திருக்கா. தூசி துடைக்கறேன்னு நெனச்சாளாம். ஒடிஞ்ச வயரைப் பாத்ததும் அவளுக்கு அது ஞாபகம் வந்துருச்சு. அன்னைக்குச் சாயங்காலமே கீழ வந்து, நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் உக்காந்தா.

"அக்கா, சார்கிட்ட நீங்களே சொல்லிருங்க. நீங்க சொன்னா ஒண்ணும் பெருசா ஆகாது. நான் கூட வர்றேன்."

"என்ன சொல்லணும்?"

"உங்களுக்குத் தெரியும்கா."

அவ்வளவுதான். எந்திரிச்சுப் போயிட்டா. மறுநாள் வந்தா. "சொன்னீங்களாக்கா?" அதுக்கு மறுநாள். "சொன்னீங்களாக்கா?" ஒன்பது நாளுங்க. ஒன்பது நாளும் சாயங்காலம் ஆனா படியில அவ செருப்புச் சத்தம் கேக்கும், நான் டிவி சத்தத்தைக் கூட்டி வெப்பேன். என்ற வீட்டுல, என்ற நாற்காலியில உக்காந்துட்டு, ஒண்ணாப்புப் புள்ளையை வீட்டுப் பாடம் முடிச்சியான்னு கேக்கற மாதிரி.

ஞாயித்துக்கிழமை கறி எடுத்தேன். வெள்ளியங்கிரி அண்ணன் வீட்டுக்கும் சேத்துத்தான் வெச்சேன். தூக்குப்போசியில ஊத்தி இவகிட்டக் குடுத்தேன், "கடைக்குப் போற வழிதானே, குடுத்துட்டு வா"ன்னு. வாங்க மாட்டேன்னுட்டா.

"நீங்களே கொண்டு போய்க் குடுங்கக்கா."

"எனக்குக் கால் வலி."

"அப்ப வேண்டாம்கா. நான் கொண்டு போனா அது வெறும் கொழம்பு."

என்ன திமிருன்னு பாருங்க. வெறும் கொழம்பாம். மூணு மணி நேரம் அடுப்படியில நின்னு, தேங்கா அரைச்சு வெச்சது. அந்தக் கொழம்பை நானும் தின்னலை. எறங்கலை. நாய்க்குத்தான் ஊத்துனேன்.

பத்தாவது நாள் மேனேஜர் கூப்புட்டு விட்டாரு. உள்ள போனா இவ நிக்கறா. "வசந்தாமணி, மோனிஷா ஒண்ணு சொல்லுது, நீங்க சக்கரத்தைத் தொட்டீங்களா"ன்னு கேட்டாரு. நான் இவளைப் பாத்தேன். இவளும் என்னைப் பாத்தா. கண்ணுல தண்ணி நிக்குது அவளுக்கு. அழுதுட்டே, "இவங்கதான் சார்"னு கை காட்டறா. அதுக்கு நான் பாவம் பாக்கணுமா?

நான் பொய் சொல்லலைங்க. பொய் சொல்ற பழக்கம் எனக்குக் கெடையாது. "நான் எதுக்கு சார் அதைத் தொடப் போறேன்"னு கேட்டேன். அவ்வளவுதான். கேள்விதான் கேட்டேன். அவரா இல்லைன்னு எடுத்துக்கிட்டா நான் என்ன பண்றது? "எழுதிக் குடுக்கறீங்களா"ன்னாரு. "எனக்கு எழுத்து அவ்வளவா வராது சார்"னுட்டேன். அதுவும் பொய் இல்லை. சரி, போங்கன்னாரு. இவளைப் பாத்து, "ஆதாரம் இல்லாம யார் மேலயும் சொல்லக் கூடாதும்மா"ன்னாரு. ரெண்டு வருஷம் சேத்து வெச்ச பேரு இவளுக்கு அந்த ரூமுல போச்சு. அதுக்கு நான் பொறுப்பில்லை. அவளாத் தேடிக்கிட்டது.

சாயங்காலம் நானே படியேறிப் போனேன். ரெண்டு வருஷத்துல நான் மாடிக்குப் போனது அஞ்சு வாட்டிகூட இருக்காது. "ரூமைக் காலி பண்ணிக்க"ன்னேன். "சரிக்கா"ன்னா. ஏன்னு கேக்கலை. கேட்டிருந்தா நாலு வார்த்தை நறுக்குனு கேக்கலாம்னு வாயில வெச்சுட்டுத்தான் போனேன். கேக்கலையே. எனக்கு எப்படி இருந்திருக்கும்? கீழ எறங்கறப்ப பாதிப் படியிலயே உக்காந்துட்டேன்.

நீங்க ஏன் கைப்பையை எடுக்கறீங்க? ரூமைப் பாக்காமயே போறீங்களா? இருங்க அம்மிணி. மணி நாலு ஆகப் போகுது. நான் வீட்டுக்காரியா மோசமானவ இல்லை, ரெண்டு வருஷம் இருந்தவளையே கேளுங்க, தண்ணி விடலைன்னு ஒரு நாள் சொல்லியிருப்பாளா. இன்னைக்குத்தான் வெள்ளியங்கிரிக்கு விசாரணை. காலையிலயே வெள்ளைச் சட்டை போட்டுட்டு கேட்டுல நின்னுட்டிருந்தாராம். நான் பின்வாசல் வழியா ஷிப்டுக்குப் போனேன், நான் பாக்கலை. இவளையும் சாட்சிக்குக் கூப்புட்டிருந்தாங்க. என்ன ஆச்சோ, எனக்கென்ன.

அதோ, கேட்டுச் சத்தம். அவதான். நீங்க ஒண்ணும் காட்டிக்காதீங்க.

வா. உள்ள வா, வாசல்லயே நிக்காதே. இவங்க ரூமு பாக்க வந்திருக்காங்க, பேங்க்குல இருக்காங்க. சாவியைக் குடு. பக்கெட் ரெண்டையும் எடுத்துட்டயா? சரி. கெளம்பு.

என்ன, நின்னுட்டே இருக்கற? சொல்லு.

யாரு? வெள்ளியங்கிரி அண்ணனா? என்ன எழுதிக் குடுத்துட்டாரு?

நான்தான் திருகினேன்னா? அவரா? அவரு எதுக்கு அப்படி எழுதணும்? அவருக்குக் கிறுக்கா பிடிச்சுருக்கு?

ஓ. ஒத்துக்கிட்டா வேலை போகாதாமா. ஸ்டோர்ல மூட்டை தூக்கற வேலையில போடறோம்னாங்களா. சரி, போட்டுட்டுப் போகட்டும். அவரு பாடு, கம்பெனி பாடு. அதை எதுக்கு நீ என்கிட்ட வந்து சொல்ற? நீ அங்க ஒண்ணும் சொல்லலையா? உன்ற வாய்தான் நீளமாச்சே.

அவரே சொல்ல வேண்டாம்னுட்டாரா. என்ன சொன்னாரு? அவரு சொன்னதை அப்படியே சொல்லு. மழுப்பாதே.

"அந்தம்மா சொல்லாது கண்ணு, அது பயந்துகிட்டுக் கெடக்கு, நான் எத்தனை நாளைக்கு வீட்டுல உக்காந்திருக்கறது"ன்னா?

பயந்துகிட்டா? யாரு, நானா? கேட்டீங்களா அம்மிணி. பதினேழு வருஷம் அந்த மெஷின்ல உக்காந்தவளைப் பாத்து, சக்கரம் வெக்கறதுக்குக் குனியறப்ப மூஞ்சி நிமிந்து பேசத் தெரியாத மனுசன், பயந்துகிட்டுக் கெடக்குதுன்னு மேனேஜர் ரூமுக்கு வெளிய நின்னு சொல்லியிருக்காரு. எனக்கு இவரு பரிதாபம் பாக்கறாரா? நான் கேட்டனா? எனக்குப் பதிலா மூட்டை தூக்குங்கன்னு நான் போய் நின்னனா? இந்த வயசுல முதுகு என்னத்துக்கு ஆகும்?

எழுதுனாரே, என்னன்னு எழுதுனாரு? பூராவும் சொல்லு.

மூணு பல்லா?

மோனிஷா, நல்லா ஞாபகம் பண்ணிச் சொல்லு. மூணு பல் இறுக்கினேன்னா எழுதியிருக்காரு?

அடக் கடவுளே. மூணு பல் இறுக்கினா அது என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு? பின்பிடி தோலை வெட்டி, கம்பியை வெட்டி, வயர் ரெண்டாப் போய் மெஷின் மேலயே விழும். அதை எவளாவது ஒரு வருஷம் பெட்டியில போட்டு அனுப்புவாளா? கண்ணு தெரியாத ராஜாமணிகூட அனுப்ப மாட்டா. அதை மேனேஜர் வாங்கிப் படிச்சுட்டு, சரின்னு ஃபைல்ல வெச்சுட்டாரா? நாளைக்கு ஸ்கூட்டர்காரன் அதைப் படிச்சா, நாலாம் நம்பர் மெஷின்ல கண்ணு கெட்டவ ஒருத்தி உக்காந்து, மூணு பல் இறுக்குனது தெரியாம ஒரு வருஷம் அடிச்சுட்டிருந்தான்னு நெனைப்பான். இது எனக்கு உதவியா, என்ற மூஞ்சியில கரி பூசறதா?

தெரியாதவரு எதுக்கு எழுதணும்? எத்தனை பல்லுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. என்கிட்டக் கேட்டா நான் சொல்லியிருப்பனே.

என்ன, ரெண்டு பேரும் அப்படிப் பாக்கறீங்க?

ஆமா, சொல்லியிருப்பேன். ஒண்ணு. ஒரே ஒரு பல். எடது கைப் பெருவிரலால. செட்டர் அஞ்சாம் நம்பர் மெஷினுக்கு நகந்ததும் ஒண்ணு, ஷிப்டு முடியறதுக்கு ஒரு கட்டு பாக்கி இருக்கறப்ப திருப்பி ஒண்ணு. நாலு வருஷம் ஒரு நாள் தப்பினதில்லை. அவருக்கு என்ன தெரியும் அது? எந்த விரல்னு கேட்டா அவரு என்னன்னு சொல்லுவாரு?

மேனேஜர் போயிட்டாரா? இருக்காரா? ஃபைல் அவரு டேபிள் மேலதானே இருக்கு? சரி.

சேலை மாத்தவெல்லாம் நேரமில்லை. இதுவே போதும். மோனிஷா, உன்ற பையில பேனாவும் ஒரு வெள்ளைத் தாளும் இருக்குமில்ல, எடுத்துட்டு அங்க வா. எனக்கு எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வரும், நான் சொல்லச் சொல்ல நீ எழுது. நீயா ஒரு வார்த்தை சேக்கக் கூடாது. கையெழுத்து நான் போடுவேன். அவரு எழுதுனதை என்ற கண்ணு முன்னால கிழிக்கணும், அதுக்கு நீ சாட்சி. பலகையில போட்டோ ஒட்டறாங்களா, ஒட்டட்டும். பழைய போட்டோ வேண்டாம்னு சொல்லணும், அது நானே இல்லை.

நீ என்ன அழுகறயா, சிரிக்கறயா? எதுவா இருந்தாலும் அப்பறம் வெச்சுக்க. உன்மேல இருக்கற கோவம் எனக்குப் போகலை, அதை மறந்துராதே. ஒன்பது நாள் வந்து சொன்னீங்களா சொன்னீங்களான்னு கேட்டயே, எத்தனை பல்லுன்னு ஒரு நாளாவது கேட்டயா நீ?

அம்மிணி, வெளிய நிக்கறது உங்க வண்டிதானே? ரூமு எங்கயும் போகாது, வந்து பாத்துக்கலாம். அஞ்சு நிமிசம்தான், தென்னந்தோப்பைச் சுத்திப் போனா வந்துரும். இவ நடந்து வந்துருவா, இவ காலுக்கு என்ன. ஏறிட்டேன், எடுங்க. சனிக்கிழமையானா மேனேஜர் அஞ்சு மணிக்கெல்லாம் கெளம்பிருவாரு.